அறுத்துப் போட்ட ஓரம்

ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் வாய் நிறையப் புழுதி.

டிரெயினிங் ஸ்கூலில் இன்று கைவேலை பிரித்தார்கள். சிலருக்குத் தோட்டம். சிலருக்குத் தக்ளியில் நூல் நூற்பு. எனக்கும் பக்கத்துக் கட்டில் சூசைக்கும் மாஜிக் லாந்தர். சூசைக்கு வாயெல்லாம் பல். எனக்குத் தக்ளியே கிடைத்திருக்கலாம்.

லாந்தர் என்பது: தகரப் பெட்டி. முன்னால் பித்தளைக் குழாய். உள்ளே கார்பைட் விளக்கு, நாற்றம். நடுவில் கண்ணாடிப் படம் சொருக ஒரு சட்டம். படத்தைத் தலைகீழாகச் சொருகினால்தான் திரையில் நேராக விழும். எட்டுத் தடவை சொருகினேன். ஐந்து தடவை யானை நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஞானமுத்து சார் (இனி ஞா. சார்) மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டுவது அப்படித்தான். நாலு வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். சர்டிபிகேட் இல்லையென்று இருபத்தைந்து வயதில் மறுபடி பெஞ்சில்.

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் முன்னால் மாதிரிப் பாடம். ஐந்தாம் வகுப்பு, பூகோளம், வைகை. படங்களை நாமே கண்ணாடியில் வரைந்து லாந்தரில் காட்ட வேண்டும்.

மாலை, வாடிப்பட்டியிலிருந்து கார்டு. அத்தை, என் மனைவியின் அம்மா, யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார். ஆடிக் கடைசி வெள்ளியோடு மகள் போய் வருஷம் ஒன்றாகிறது. சேலை வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட ஒரு முகம் இல்லை. யார் என்ன சொன்னாலும் அந்தப் போட்டோவை வாங்கி வரவும்.

அந்தப் போட்டோ. போன ஆனியில் கோச்சடையில் எங்கள் வீட்டில் வளைகாப்பு முடித்து, என் மனைவி ரா.வை வாடிப்பட்டிக்குத் தாய்வீடு கூட்டிப்போன அன்று, வழியில் மதுரையில் இறங்கி எடுத்தது. நான் பிடிவாதம் பிடித்து எடுத்தது. பிள்ளைத்தாய்ச்சியைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அப்பா அன்று காலையிலேயே சொன்னார். ஐந்து வாரம் கழித்து வலிப்பு வந்து ரா. போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும். அப்புறம் ஊர் முழுக்க அதையே சொன்னது. அந்தப் படம் இந்த வீட்டு வாசல்படி ஏறக் கூடாது என்றார் அப்பா. நானும் வாங்கப் போகவில்லை. நான் அதை நம்புகிறேனா? பகலில் இல்லை.

ஸ்டூடியோ இங்கிருந்து கால் மணி நடை. இந்த வாரம் போக வேண்டும்.


ஜூலை 9, வியாழன்

வெயில். கையெல்லாம் சோடா, விரல் நுனி வெந்துவிட்டது.

புதுக் கண்ணாடி வாங்கக் கட்டாது என்று ஞா. சார் ஒரு வழி வைத்திருக்கிறார். போட்டோக் கடைகளில் தேவையில்லாத பழைய கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டுகளைக் கேட்டு வாங்குவது. அவை கொஞ்சம் நீளம். கீழ் ஓரத்தில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டால் லாந்தர் சட்டத்துக்குச் சரியாக இருக்கும். பிறகு வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊற வைத்தால் மேலே படம் பதிந்திருக்கும் சவ்வு பாலாடை மாதிரிச் சுருண்டு வந்துவிடும். வெறும் கண்ணாடி. அதில் நாம் வரைந்துகொள்ளலாம். கழுவிவிட்டு அறுக்கக் கூடாதாம், சில்லுத் தெறிக்குமாம். முதலில் அறுப்பு, பிறகு கழுவல். இருபத்துநாலு பிளேட்டு. சூசை எங்கேயோ போய்க் கேட்டு வாங்கி வந்தான்.

ஓரத்தில் ஊசியால் நம்பர் கீறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஜாபிதா வேண்டும் என்றார் சார். என் நகல்:

402 - கிழவர், கைத்தடி.
405 - குடும்பம், ஐந்து பேர். நாய் ஒன்று, அசைந்துவிட்டது.
411 - குழந்தை. துணியில்லை.
412 - பயில்வான்.
417 - ஆண், பெண், நாற்காலி.
418 - பள்ளிக்கூடப் பையன்கள். உடைந்த மூலை.
(மீதி சூசை நோட்டில்.)

பிளேட்டில் எல்லாம் மாறித் தெரிகிறது. கறுப்பு முகம், வெள்ளை முடி, வெள்ளை விழி. எல்லாரும் பேய். ஆம்பளைகள் பாதிப் பேர் ஒரே கோட்டு, கடையில் இரவல் கொடுப்பது. சூசை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தான். 417 என்று நினைக்கிறேன், "மாப்ள, இந்தாளு பேயக் கட்டிக்கிட்டு எம்புட்டு முறுக்கா நிக்கிறாம் பாரு" என்றான். சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சோடாத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது.

தபாலில் போட வேண்டியது: அத்தைக்குக் கார்டு. வாங்கி வருகிறேன் என்று.


ஜூலை 12, ஞாயிறு

ஸ்டூடியோப் பக்கம் நடந்தேன். தெருமுனை வரை போனேன். அங்கே ஒரு கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை.

அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமா, அல்லது பக்கத்தில் நிற்கும் என் முகத்தையா, தெரியவில்லை. அடுத்த வாரம்.


ஜூலை 14, செவ்வாய்

முட்டை வெள்ளைக்கருவை மெல்லப் பூசிக் காயவைத்தால் கண்ணாடியில் மை நிற்கிறது. இன்று வரைந்தவை: மலை, அணை, வாய்க்கால், கல்பாலம், ஆற்றில் துணி துவைக்கிறவர்கள். துவைக்கிறவர்களுக்குக் கை நீளமாகிவிட்டது. பரவாயில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அறுத்துப் போட்ட ஓரத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. கொத்தனாரிடம் கொடுக்கச் சொன்னார் சார். ஹாஸ்டல் பின்சுவர் மேல் சுண்ணாம்பு வைத்துப் பதிக்கிறார்கள், கொய்யா திருட ஏறுகிறவர்களுக்காக. திருடுவது வெளியாட்கள் என்று சார் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சோறு வேகவில்லை. சூசைக்குப் பல்வலி.


ஜூலை 18, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கோரிப்பாளையத்தில் பெண்களுக்கு லாந்தர் வைத்துப் பேசுகிறார். லாந்தர் பிடிக்க ஆள் வேண்டும் என்று எங்களைக் கேட்டார்கள். தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பெரிய வீடு. மத்தியானம் மூன்று மணி. கூடத்து ஜன்னலெல்லாம் கம்பளி. பெண்கள் இருக்கும் இடத்தில் ஆண் நிற்க முடியாது என்பதால், நடுவே ஒரு வேட்டியை நனைத்துக் கட்டி, நான் அதற்கு இந்தப் புறம். ஈரத் துணியில் படம் மறுபக்கமும் தெரியும். ஆனால் இடம் வலம் மாறும், அதனால் கண்ணாடியைத் தலைகீழாகவும் திருப்பியும் சொருக வேண்டும். பத்துப் படம் வரை ஒரு தப்பும் பண்ணவில்லை. ஞா. சார் பார்த்திருக்க வேண்டும்.

என் பக்கத்திலிருந்து யாரும் தெரியவில்லை. பேச்சு மட்டும். வேட்டி சொட்டிக்கொண்டே இருந்தது.

பதினோராவது படம்: ஒரு பெண்ணின் கால். புறங்காலில் ஒரு கட்டைவிரல் அழுத்துகிறது. விரல் எடுத்த இடத்தில் குழி. டாக்டரம்மா விளக்கினார். மாசமாக இருப்பவளுக்குக் கால் வீங்கி, அழுத்தினால் இப்படிக் குழி நின்றால், கூடத் தலைவலி, கண்மங்கல் இருந்தால், அது அசதி இல்லை. விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும். அன்றைக்கே வந்தால் காப்பாற்றப் பார்க்கலாம்.

அந்தப் பக்கம் ஒரு வயதான குரல்: "நடந்தா எல்லாருக்குந்தாம்மா காலு வீங்குது. அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரின்னா வூட்டு வேலய யாரு பாக்கறது?"

பெண்கள் சிரித்தார்கள். அடுத்த படம் என்று டாக்டரம்மா கையைத் தட்டினார். நான் சொருகவில்லை. இரண்டு தடவை தட்டிய பிறகுதான் சொருகினேன், அதுவும் தலைமாறி.

தலைவலி அவளுக்கு இருந்தது. அது எனக்குத் தெரியும். வெற்றிலையை வாட்டி நெற்றியில் போட்டுக்கொள்வாள். கால்? அவள் கால் எப்படி இருந்தது? இரண்டு வருஷம் ஒரு வீட்டில் இருந்தோம். எனக்கு ஞாபகமில்லை. வழியெல்லாம் யோசித்தேன். கொலுசுச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. கால் ஞாபகம் இல்லை.


ஜூலை 19, ஞாயிறு

கோச்சடை. அப்பா வயலில். அவர் வருவதற்குள் ரா.வின் பெட்டியைத் திறந்தேன், வாடிப்பட்டிக்கு அவள் கொண்டுபோய், காரியம் முடிந்து எங்களிடம் திரும்பி வந்தது. ஒரு வருஷமாக யாரும் திறக்கவில்லை. மேலே நாமக்கட்டியும் வசம்பும். கீழே வளையல் டப்பா. அதற்குள், வளைகாப்பு வளையல்களுக்கு அடியில், மடித்து வைத்த ஸ்டூடியோச் சீட்டு. பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் தொலைத்துவிடுவேன் என்று தெரியும்.

சீட்டில்: தேதி. ஒரு வாரம் கழித்து வரவும். நம்பர் 417.

எங்கோ பார்த்த நம்பர் மாதிரி இருந்தது. பஸ் நம்பராக இருக்கும்.


ஜூலை 20, திங்கள்

பாடம் முடிந்ததும் ஸ்டூடியோவுக்கே போய்விட்டேன். நிற்கவில்லை, யோசிக்கவில்லை.

கடைக்காரர் நாயுடு சீட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "போன வருசத்ததா? வாங்க வராதவுக பிளேட்டு ரெண்டு பெட்டி கெடந்துச்சு. பிள்ளைக படிப்புக்குன்னு இஸ்கூல்லருந்து ஒரு தம்பி வந்து கேட்டாரு, குடுத்துட்டேன். வெளக்கு வச்சுப் படம் காட்டுவாகளாமே."

வேறு நகல் இல்லையா என்றேன். வாங்க வந்தால்தானே காகிதத்தில் போடுவோம் என்றார். நியாயம்தான்.

ஹாஸ்டலுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூலை 9. என் கையெழுத்துதான். 417 - ஆண், பெண், நாற்காலி.

அந்தக் கோட்டை நானும் போட்டேன். முறுக்காக நின்றவன் நான். பேய் என்று சொல்லிச் சிரித்தது அவளை. வெந்நீரில் போட்டது அவளை. கட்டைவிரலால் சவ்வை வழித்து வாய்க்காலில் விட்டதும் நான்தான், சூசை இல்லை. அவன் அறுத்தான், நான் கழுவினேன். அன்றைக்கு அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு முனை வரை போனபோதே எல்லாம் முடிந்திருக்கிறது. அதற்கு முந்திய ஞாயிறு போயிருந்தால் கிடைத்திருக்கும். போன வருஷம் போயிருந்தால் கூடத்தில் மாட்டியிருக்கும். மாட்ட விட்டிருக்க மாட்டார்கள். பெட்டிக்குள்ளாவது இருந்திருக்கும்.

சூசையிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டு மணி அடித்தது, இரண்டு பேரும் போகவில்லை. அப்போதுதான் சொன்னான்: "ஓரத்தக் கழுவலயே மாப்ள. ஓரம் அப்பிடியேதான டின்னுல போட்டேன்."


ஜூலை 21, செவ்வாய்

விடிந்ததும் பின்சுவர். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழையில் நனைந்தால் அந்தச் சவ்வு போய்விடும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்.

டின் காலி. எல்லாவற்றையும் கொத்தனார் பதித்துவிட்டார். சுவர் மேல் வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள், பல் மாதிரி. சூசை ஏணியைப் பிடித்தான். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதி நம்பர் சுண்ணாம்புக்குள். தெரிகிறவையும் சில மறுபக்கம் திரும்பியிருந்தன. யாருடைய செருப்போ. நாற்காலிக் கால். நாயின் வால். உள்ளங்கையில் இரண்டு வெட்டு, ஆழமில்லை.

அப்போது தூறல் விழுந்தது. தோள்துண்டை விரித்துப் பிடித்தேன், இரண்டு முழத்துக்கு மேல் மூடவில்லை. கீழே ஞா. சார் சத்தம், கொய்யா திருடுகிறவனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில். சூசை போய் அவரிடம் ஏதோ சொன்னான். சத்தம் நின்றது. ஸ்டூலைப் போட்டு ஏறி, தன் குடையை விரித்து, சுவர் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு நனைந்தது. மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை.

பத்தொன்பதாவது துண்டு. 417.

ஆணியால் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தேன். சுண்ணாம்புக்குள் இருந்த பாதியில் சவ்வு அரித்துப் போய்விட்டது. அது நான் நின்ற பக்கம். என் கால் இல்லை. மீதிப் பாதியில், வெளிச்சத்தில் பிடித்தால், சேலைக் கரை. நாற்காலியின் ஒரு கால். அவளுடைய இரண்டு பாதங்கள். கறுப்பாக.

நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில்தான்.


ஜூலை 25, சனி

நல்ல வெயில். நாயுடு கடை மொட்டைமாடி. துண்டை ஒரு போட்டோக் காகிதத்தின் மேல் வைத்து, சட்டத்தில் அழுத்தி, வெயிலில் வைத்தார். தானாக நிறம் ஏறியது. பிறகு ஏதோ தண்ணீரில் போட்டார், அப்போதுதான் கறுக்காமல் நிற்குமாம். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

தீப்பெட்டி அகலம்தான் இருக்கிறது. ஆனால் துல்லியம். மருதாணி தெரிகிறது. சேலைக் கரையில் போட்ட ஊசித் தையல் தெரிகிறது.

மெட்டி தெரியவில்லை. எங்கே என்று தேடினேன். இருக்கிறது. சதைக்குள் புதைந்திருக்கிறது. கணுக்கால் எலும்பு இல்லை, ஒரே வழவழப்பு. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பதினோராவது படம்.

இப்போது ஞாபகம் வருகிறது. ஸ்டூடியோவில் பெண்களுக்கு என்று ஒரு ஜோடிச் செருப்பு வைத்திருந்தார்கள். அதைப் போட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. "காலு யானக் காலாப் போச்சுங்க" என்று சிரித்தாள். நான் வேட்டி மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். பஸ் போய்விடும், வெறுங்காலோடு உட்காரு என்றேன். குனிந்து பார்க்கவில்லை.

ஒரு வருஷமாகப் போட்டோவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுதான் பார்த்திருக்கிறது.


ஜூலை 30, வியாழன்

மாதிரிப் பாடம். ஜன்னலுக்கெல்லாம் ஹாஸ்டல் போர்வை. நாற்பது பிள்ளைகள், இன்ஸ்பெக்டர், ஞா. சார், பின்னால் மற்ற மாணவர்கள். என் பன்னிரண்டு படங்கள். ஒன்றுகூடத் தலைகீழாகப் போகவில்லை. கார்பைட் ஒரு தடவை பொருமியது, அவ்வளவே.

இருபத்துநாலு கண்ணாடியில் பன்னிரண்டு என்னிடம், பன்னிரண்டு சூசையிடம். எது அவளுடையது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கழுவியபின் எல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு படமாகத் திரையில் விழும்போது பார்த்தேன். மலை. அணை. வாய்க்கால். கல்பாலம். மைக்குப் பின்னால் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. இல்லை. நன்றாகத்தான் கழுவியிருக்கிறேன்.

முன் பெஞ்சில் ஒருத்தி, துவைக்கிறவர்களுக்கு ஏன் கை இம்புட்டு நீளம் என்று கேட்டாள். தண்ணீர் ரொம்பக் கீழே போய்விட்டது, அதனால் என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த ஒரு நிமிஷம்தான் பாடம் நடத்தினேன் என்று சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்டர் எழுதியது (சார் காட்டினார்): படங்கள் நேர்த்தி. கருவியைக் கையாளத் தெரிகிறது. ஆசிரியர் படத்தைப் பார்க்கிறார், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. தேர்ச்சி, கடைசிப் படியில்.

சூசைக்கு முதல் படி. வகுப்பு முடிந்ததும் தன் கண்ணாடிகள் பன்னிரண்டையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கட்டிலில் வைத்தான். இதில் ஒண்ணா இருந்தாலும் இருக்கும், நீயே வச்சுக்க என்றான். பள்ளிக்கூடத்துச் சொத்து, எடுக்க முடியாது என்றேன். ஒன்று உடைந்ததாகச் சார் கணக்கில் இருபத்துமூன்று என்றே எழுதிவிட்டாராம், நான் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். எதை எடுப்பது? திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் பார்க்கட்டும்.


ஆகஸ்ட் 9, ஞாயிறு

அத்தையிடமிருந்து இன்னொரு கார்டு. போட்டோ கிடைத்ததா. சட்டம் போட ஆசாரியிடம் சொல்லிவிட்டாராம். எவ்வளவு பெரியது என்று கேட்கிறார்.

பதில் எழுதவில்லை. மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

யோசனை 1: கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவது. பொய் இல்லை.
யோசனை 2: துண்டைக் கொடுப்பது, கழுவியதைச் சொல்லாமல்.
யோசனை 3: எல்லாவற்றையும் சொல்வது.

கால் வீங்கியிருப்பதை அவர் பார்ப்பாரா? நான் மாதக்கணக்கில் பார்க்கவில்லை. அவர் பெற்றவர்.

சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டும். சோப்பு தீர்ந்துவிட்டது.


ஆகஸ்ட் 14, வெள்ளி

வாடிப்பட்டி. காலை பஸ். கூட்டம், நின்றுகொண்டே வந்தேன். சோழவந்தான் பக்கம் நாற்று நட்டிருக்கிறார்கள், பச்சை.

அத்தை வீடு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர். நடுவீட்டில் பலகை, அதன் மேல் அரக்குச் சேலை, மஞ்சள், வளையல், பூ. அவளுக்குப் பிடித்த பால்பணியாரம். சுவரோரமாக ஒரு சட்டம், கண்ணாடி மாட்டியது, உள்ளே ஒன்றுமில்லை. ஒரு முழம் உயரம்.

"வாங்க மாப்ள" என்றார். கண் என் கையில் இருந்த பையில்.

அத்தை, கொஞ்சம் உள்ளே வாங்க என்று கூப்பிட்டு, அடுப்படியில் வைத்துச் சொன்னேன். யோசனை 3. நான் போய் வாங்காததை. பிளேட்டு எங்கள் பள்ளிக்கு வந்ததை. என் கையால் கழுவியதை. சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவிட்டேன், போதும்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் பிள்ள காலுதான்" என்றார். "இந்தா, சுண்டு விரலு வளைஞ்சிருக்கு பாருங்க. சின்னதுல ஒலக்க விழுந்தது." சிரித்தார்கூட. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பிறகு பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பில் பால் பொங்கியது, நான்தான் இறக்கினேன். முதுகு திருப்பி இருந்தவர் கேட்டார்.

"இத எப்பப் புடிச்சீக? பஸ் ஏறுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி, அத்தை."

"கோச்சடையிலருந்து மதுரைக்கு மாட்டு வண்டியில வந்தாளே, அப்பக் காலத் தொங்கப் போட்டா வந்தா?"

"இல்லை. நீட்டிப் படுத்துக்கிட்டுத்தான் வந்தா."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வந்தன்னிக்கே பாத்தேம் மாப்ள. பஸ்ஸுல காலத் தொங்கப் போட்டு வந்த வீக்கம்னு நெனச்சேன். அஞ்சு வாரமா உப்புப் போட்டு வெந்நீரு ஊத்துனேன். தெனமும் நாந்தான் ஊத்துனேன். வத்திருச்சான்னு அமுக்கிப் பாப்பேன், குழி அப்பிடியே நிக்கும்."

டாக்டரம்மா சொன்னதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியில் பெண்கள், நேரமாகுது, பூசையை ஆரம்பிக்கலாமா என்று குரல் கொடுத்தார்கள்.

அத்தை காகிதத்தை முந்தானையில் துடைத்தார். மடியில் வைத்தார். கட்டைவிரலை ராசாத்தியின் புறங்காலில் வைத்து மெதுவாக அழுத்தினார். எடுத்துவிட்டு, குழி நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.